கடல் மீன் தொட்டியில் தானாக நீர் மாற்றும் முறை

வண்ண மீன் வளர்ப்பு பல சிறு விவசாயிகளுக்கு நல்ல உபதொழிலாக இருந்து வருகிறது. சென்னை கொளத்தூர்ப் பகுதியில் நன்னீர் வண்ண மீன் வளர்ப்பையும் விற்பனையையும் நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. நன்னீர் மீனில் கை தேர்ந்தவர்கள் அடுத்தபடியாகக் கடல் வண்ண மீன்களில் நாட்டம் கொள்வது இயல்பு. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் வகுத்துத் தந்திருக்கிறது.

நன்னீர் மீன் தொட்டிக்குக் கிணற்று நீர் இரண்டு குடம் இறைத்து ஊற்றினால் போதும். கடல் மீன் தொட்டிக்கு அப்படி ஊற்ற இயலாது. உப்பைக் கலக்க வேண்டும். அளந்து பார்க்க வேண்டும். பழைய நீரை எடுத்த அளவுக்கே புது நீரை விட வேண்டும். இதை வாரம் தவறாமல் செய்ய வேண்டும். நடவும் அறுவடையும் வந்துவிட்டால் இந்த வேலைதான் முதலில் தள்ளிப் போகும். ஆகவே நீர் தானாக மாறும்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அதற்குச் சிறு பம்புகளும், நேரம் வைத்து இயங்கும் சுவிட்சும் போதும். ஆனால் உப்புக் கணக்குத் தெரியாமல் இதைப் பொருத்தக் கூடாது. வேலையைக் குறைக்க வந்த பம்பே மீன்களைக் கொன்றுவிடும். அந்தக் கணக்கை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சில வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகளை வாங்கி, வீட்டுத் தொட்டியிலேயே சிறு பவளத் திட்டு அமைக்கிறார்கள். தானாக நீர் மாற்றும் முறை அத்தகைய தொட்டிகளில்தான் பெரிதும் வழக்கத்தில் உள்ளது. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001-ல் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளது. ஆகவே நமது தொட்டியில் பண்ணையில் பொரித்த மீன்களையே வளர்க்க வேண்டும். பவளம் உள்ள தொட்டியானாலும், மீன் மட்டும் உள்ள தொட்டியானாலும் நீர் மாற்றும் முறை ஒன்றே.

நீரை ஏன் மாற்ற வேண்டும்?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் யூரியா இட்டால் மண்ணில் நடப்பதும் இதே வேலைதான். வயலில் நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. தொட்டியில் அதை எடுத்துக்கொள்ளப் போதிய பயிர் இல்லாததால் அது சேர்ந்துகொண்டே போகிறது, பாசி மண்டுகிறது, பவளங்கள் வாடுகின்றன. மறுபுறம், பவளங்கள் வளரும்போது நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே சேர்ந்ததை வெளியேற்றவும், குறைந்ததை ஈடு செய்யவும் நீரை மாற்றுகிறோம்.

ஆவியாகும் நீர் வேறு, மாற்றும் நீர் வேறு

இந்த வேறுபாட்டை மனத்தில் நன்கு பதிய வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. கணக்கு எளிதாக இருக்க, லிட்டருக்கு 35 கிராம் என்றே கொள்வோம். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 50 செ.மீ. உயரத்துக்கு நீர் நிறுத்தினால் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். அதில் உள்ள உப்பு 7,000 கிராம், அதாவது 7 கிலோ.

இந்தத் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். உப்பளத்தில் நடப்பது போல நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். எனவே ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே விட வேண்டும். தெரியாமல் உப்பு நீரை விட்டால் நாளொன்றுக்கு 70 கிராம் உப்பு கூடுகிறது. பத்தே நாளில் 35 என்பது 38.5 ஆகிவிடும்.

நாமாக வெளியே எடுக்கும் நீரோடு உப்பும் சேர்ந்து போகிறது. எனவே அதற்கு ஈடாக அதே அளவு, அதே உப்புள்ள நீரை விட வேண்டும். ஆவியானதற்கு நன்னீர், எடுத்ததற்கு உப்பு நீர். தானியங்கி ஏற்பாடு எதுவானாலும் இந்த இரண்டு கணக்கும் கலந்துவிடாமல் இருக்க வேண்டும்.

எவ்வளவு மாற்றுவது?

வாரம் ஒரு முறை 20 லிட்டர், அதாவது 10 சதவீதம் மாற்றுவது பொதுவான வழக்கம். இதையே நாளொன்றுக்கு சுமார் 3 லிட்டராகப் பிரித்துத் தினமும் மாற்றலாம். சிறிது சிறிதாக மாற்றும்போது, விட்ட புது நீரில் ஒரு பகுதியும் மறுநாள் வெளியே போகும் என்பது உண்மையே. ஆனால் நட்டம் மிகக் குறைவு. ஒரே தடவையில் மாற்றினால் பழைய நீர் 10 சதவீதம் போகிறது. அதே 20 லிட்டரை ஏழு நாட்களுக்குப் பிரித்து மாற்றினால் 9.6 சதவீதம் போகிறது. இதற்குப் பதிலாக, மீனுக்கு நீரின் வெப்பமும் உப்பும் திடீரென்று மாறாத நன்மை கிடைக்கிறது.

மாற்றும் அளவைத் தீர்மானிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. வாரத்தில் சேரும் நைட்ரேட்டை, மாற்றும் பங்கால் வகுக்க வேண்டும். வாரத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் நைட்ரேட் சேர்கிறது என்றால், வாரம் 10-ல் ஒரு பங்கு மாற்றும் தொட்டியில் அது 20 மில்லிகிராமுக்கு ஏறி நிற்கும். 5-ல் ஒரு பங்கு மாற்றினால் 10-ல் நிற்கும். தீவனத்தைப் பாதியாகக் குறைத்தாலும் இதே பலன் கிடைக்கும். எனவே நீரைக் கூட்டும் முன் தீவனத்தைக் கவனிப்பது சிக்கனமாகும்.

முதல் முறை: கலிங்கு முறை

ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலிங்கு வழியே வழிந்து போகிறது. அதே போல் தொட்டியின் மேற்பகுதியில் ஒரு துளையிட்டுக் குழாய் பொருத்திவிட்டால், உள்ளே விடும் அளவு நீர் தானே வெளியே வழியும். ஒரே பம்பு போதும். புது நீர் விழும் இடம் ஒரு மூலையிலும், கலிங்கு எதிர் மூலையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விட்ட நீரே வெளியேறிவிடும். குமிழியும் அலையும் படாத இடத்தில் துளையை அமைத்து, வாயில் வலை கட்ட வேண்டும். பாசி அடைத்தால் நீர் தரையில் வழியும்.

இதில் ஒரு மறைவான குறை உண்டு. நம் தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பது 0.4 லிட்டர் நீராகும். நன்னீர் விடும் மிதவை கலிங்கின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நின்றுவிட்டால், விடும் 3 லிட்டர் உப்பு நீரில் 0.8 லிட்டர் அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடும். வெளியேறுவது 2.2 லிட்டர்தான். உப்பு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஆகவே கலிங்கு முறையில் முதலில் கலிங்கிலிருந்து முதல் சொட்டு விழும் வரை நன்னீரைக் கையால் ஊற்ற வேண்டும். அதன் பிறகே உப்பு நீர்ப் பம்பை ஓட்ட வேண்டும். தினமும் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூடிய இடத்துக்கே இம்முறை ஏற்றது.

இரண்டாம் முறை: இரட்டைப் பம்பு

இதில் ஒரு பம்பு பழைய நீரை வெளியேற்ற, மற்றொன்று அதே நேரத்தில் புது நீரைச் செலுத்தும். இதற்குப் பெரிஸ்டால்டிக் பம்பு எனப்படும் சிறு பம்பு மிகவும் ஏற்றது. இதில் வளைந்த ரப்பர்க் குழாயைச் சிறு உருளைகள் நசுக்கியபடி சுழலும். பால் கறக்கும் விரல்கள் காம்பை அழுத்தியபடி இறங்குவது போல, உருளைகள் நீரைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் செல்லும். நின்றிருக்கும்போதும் உருளை குழாயை நசுக்கிக்கொண்டிருப்பதால் நீர் தானாக ஓடாது. ஒரே மோட்டாரின் அச்சில் இரண்டு தலைகள் பொருத்திய வகை கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் ஒன்றாகவே கூடிக் குறையும்.

இரண்டு தனித்தனிப் பம்புகளாக இருந்தால் இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைக்க வேண்டும். ஒன்று ஓடி மற்றொன்று நிற்கும் நிலைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

சிறு பிசகு, பெரிய விளைவு

புது நீரைச் செலுத்தும் பம்பு நாளொன்றுக்கு 3 லிட்டர் தருகிறது. வெளியேற்றும் பம்போ 3.3 லிட்டர் எடுக்கிறது. இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஏனென்றால் குறையும் 0.3 லிட்டரை மிதவை நன்னீரால் நிரப்பிவிடுகிறது. நீர் மட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் தினமும் சுமார் 10 கிராம் உப்பு கணக்கில் குறைகிறது. ஒரு மாதத்தில் 35 என்பது 34-க்குக் கீழே வந்துவிடும். கவனியாமல் விட்டால் சுமார் 32-ல் போய் நிற்கும். இதற்கு மாறாகச் செலுத்தும் பம்பு 3.3 லிட்டரும், வெளியேற்றும் பம்பு 3 லிட்டருமாக இருந்தால் உப்பு 38.5 வரை ஏறும். கோமாளி மீன் சிறிது தாங்கிக்கொள்ளலாம். பவளமும் இறாலும் கடல் சாமந்தியும் தாங்கமாட்டா.

ஆகவே மாதம் ஒரு முறை பம்புகளை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு குழாய்களின் முனைகளையும் தனித்தனி அளவு ஜாடிகளில் விட்டு 10 நிமிடம் ஓட்ட வேண்டும். ஒன்றில் 500 மி.லி., மற்றொன்றில் 510 மி.லி. இருந்தால் பாதகமில்லை. அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் ரப்பர்க் குழாய் தேய்ந்திருக்கும், மாற்றிவிட வேண்டும்.

புது நீர்ப் பீப்பாய் காலியாவதும் இதே தீமையை விளைவிக்கும். செலுத்தும் பம்பு காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்க, வெளியேற்றும் பம்பு தன் வேலையைத் தொடரும். மிதவை நன்னீரை நிரப்பும். எனவே பீப்பாயின் அடியில் ஒரு மிதவைச் சுவிட்ச் வைத்து, நீர் தீர்ந்ததும் இரண்டு பம்புகளும் நிற்கும்படி இணைக்க வேண்டும்.

நன்னீர் வைக்கும் கலத்தை 10 லிட்டருக்கு மேல் பெரிதாக வைக்கக் கூடாது. மிதவை சிக்கிக்கொண்டு 10 லிட்டரும் தொட்டியில் இறங்கிவிட்டாலும், உப்பு 33.3-க்குத்தான் குறையும், மீன் பிழைத்துக்கொள்ளும். மேல்நிலைத் தொட்டிக் குழாயை நேராக மிதவையில் இணைத்துவிட்டால் வரம்பே இல்லாமல் போய்விடும்.

புது நீர் தயாரித்தல்

மூடியுள்ள 60 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று வேண்டும். நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் இது 20 நாட்களுக்கு வரும். மூடி இல்லாவிட்டால் பீப்பாயிலேயே நீர் ஆவியாகி உப்பு கூடிவிடும். பூச்சி மருந்தோ பூசண மருந்தோ வைத்திருந்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. மயில்துத்தமும் போர்டோ கலவையும் பட்ட வாளி, கலக்கும் கோல் ஆகியவையும் ஆகா. செம்பு மிகச் சிறிதளவு கலந்தாலும் பவளமும் இறாலும் நத்தையும் இறந்துவிடும். இதே காரணத்தால் பித்தளை வால்வுகளையும் தவிர்க்க வேண்டும்.

உரமிட்ட வயல் நடுவே உள்ள கிணற்று நீரில் நைட்ரேட் கலந்திருக்கக் கூடும். ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்த நீரே நல்லது. நீரை முதலில் நிரப்பி, அதில் கடல் உப்புக் கலவையைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் சுண்ணாம்பு பிரிந்து வெண்மையாகப் படியும். 60 லிட்டருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். ஒரு நாள் முழுவதும் சிறு பம்பால் கலக்கிய பின் ஹைட்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். 1.025 முதல் 1.026 வரை இருக்கலாம். தொட்டி நீரும் அதே அளவைக் காட்ட வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. அதில் கடல் நீரின் மற்றச் சத்துகள் இல்லை.

கடலோரத்தில் இருப்பவர்கள் தெளிந்த கடல் நீரையே வடிகட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் கலப்பதால் கரையோர நீரில் உப்பு குறைந்துவிடும். அப்போது அளக்காமல் விடக் கூடாது.

மின்தடையும் குழாய் அமைப்பும்

டிரம்மிலிருந்து டீசலைக் குழாயால் உறிஞ்சி விட்டால், டிரம் காலியாகும் வரை ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். சாதாரணச் சிறு பம்பால் தொட்டி நீரை வெளியேற்றினால் இதே ஆபத்து உண்டு. பம்பு நின்ற பிறகும் நீர் ஓடித் தொட்டி வற்றிவிடும். வெளியேற்றும் குழாயில், நீர் மட்டத்துக்கு மேலே ஒரு சிறு துளையிட்டால் காற்று புகுந்து ஓட்டம் நிற்கும். அதோடு குழாயின் உறிஞ்சும் முனையை நீர் மட்டத்திலிருந்து 2 செ.மீ. ஆழத்துக்கு மேல் இறக்கக் கூடாது. எது தவறினாலும் 8 லிட்டருக்கு மேல் போகாது. புது நீர்ப் பீப்பாயைத் தொட்டியை விடத் தாழ்வான இடத்தில் வைத்து, அதன் குழாய் முனை தொட்டி நீரில் படாமல் மேலே நிற்கும்படி செய்ய வேண்டும்.

பெரிய தொட்டிகளுக்குக் கீழே வடிகட்டும் தொட்டி ஒன்று வைத்து, நீரைச் சுற்றிவரச் செய்வார்கள். மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீரில் ஒரு பகுதி இறங்கிக் கீழ்த்தொட்டி மட்டம் உயரும். அங்கே கலிங்கு இருந்தால் உப்பு நீர் வழிந்து போய்விடும். மின்சாரம் வந்ததும் மட்டம் தாழும். மிதவை நன்னீரை நிரப்பும். ஒவ்வொரு மின்தடைக்கும் உப்பு குறையும். ஆகவே கீழ்த்தொட்டி உள்ளவர்கள் கலிங்கு முறையை விட்டு இரட்டைப் பம்பு முறையையே கைக்கொள்ள வேண்டும்.

நேரச் சுவிட்ச் வாங்கும்போது, உள்ளே பேட்டரி உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மற்ற வகைகள் மின்தடை நேரம் முழுவதும் நின்று, பின்தங்கிவிடும். உப்பு நீரில் மின்சாரம் எளிதில் பாயும். எனவே மின் கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் அவசியம். ஒயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மேலேறும்படி விட வேண்டும். வழியும் நீர் பிளக்கைச் சேராமல் கீழேயே சொட்டிவிடும்.

பம்பு செய்யாத வேலைகள்

பம்பு மேல் நீரை மாற்றுமே தவிர, அடியில் தங்கும் கசடை எடுக்காது. இரு வாரத்துக்கு ஒரு முறையேனும் கசடைக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்போது வெளியேறும் நீருக்கும் சரி அளவு உப்பு நீர் விட வேண்டும்.

மீன் இறந்து அழுகி அம்மோனியா ஏறிவிட்டால் சொட்டுச் சொட்டாக நீர் மாற்றிப் பயனில்லை. அதைப் பாதியாகக் குறைக்க இம்முறையில் சுமார் 139 லிட்டர் வேண்டும். நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் 46 நாட்கள் ஆகும். அதற்குள் தொட்டியில் உயிர் மிஞ்சாது. அவசரத்தில் பாதி நீரை ஒரே தடவையில் மாற்ற வேண்டும். எனவே அதற்குப் போதிய உப்புக் கலவையும் சுத்த நீரும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

உப்பு கூடியோ குறைந்தோ இருப்பது தெரிந்தால் பதறி ஒரே நாளில் சரி செய்யக் கூடாது. நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்கு மேல் மாறாமல் மெதுவாகச் சரி செய்ய வேண்டும்.

கழிவு நீரை எங்கே விடுவது?

விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. நாளொன்றுக்கு 3 லிட்டர் என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் அதில் 105 கிராம் உப்பு உள்ளது. ஓர் ஆண்டில் 38 கிலோ உப்பு! வாய்க்காலிலோ, கிணற்றடியிலோ, தோட்டத்திலோ இதை விட்டால் உவர் நிலத்தை நாமே உண்டாக்கியது போலாகும். நகரமானால் கழிவு நீர்ச் சாக்கடையில் விடலாம். கிராமமானால், அடி பூசிய ஆழமற்ற சிமெண்ட் தொட்டியில் மழை படாமல் வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சும் உப்பைத் திரட்டி அப்புறப்படுத்தலாம். அந்த உப்பைக் கால்நடைகளுக்கு வைக்கக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ஆவியானதற்கு நன்னீர், எடுத்ததற்கு உப்பு நீர்.

2. எடுக்கும் அளவும் விடும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும்.

3. இரண்டு பம்புகளுக்கும் ஒரே சுவிட்ச். பீப்பாய் காலியானால் இரண்டும் நிற்க வேண்டும்.

4. நன்னீர்க் கலம் சிறிதாக இருக்க வேண்டும். உறிஞ்சும் குழாய் ஆழமாக இறங்கக் கூடாது.

5. வாரம் ஒரு முறை உப்பை அளந்து, தேதியுடன் நோட்டில் குறிக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி வைக்க வேண்டும். உப்புப் படிந்தால் அளவு தவறிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இரண்டு மாதம் கையாலேயே நீரை மாற்றிப் பழக வேண்டும். தம் தொட்டியில் நாளுக்கு எவ்வளவு ஆவியாகிறது, வாரத்துக்கு எவ்வளவு நைட்ரேட் சேர்கிறது என்று அறிந்த பிறகு பம்பைப் பொருத்தினால் போதும். மோட்டார் வைத்துவிட்டோம் என்று வயலுக்குப் போகாமல் இருக்கும் விவசாயி இல்லை. மடை திறந்திருக்கிறதா, வரப்பு உடைந்திருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துத்தான் வருகிறோம். தொட்டிக்கும் அந்த ஒரு நடை வேண்டும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும்.